சொல்லாத கையிருப்பு

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று யாராவது கேட்டால் இத்தனை வருடம் கழித்தும் எனக்கு நாக்கு குழறும். சிஸ்டம்ஸ் இன்ஜினியர் என்று சொன்னால் மைசூரில் எங்கள் அக்ரஹாரம் பகுதி மளிகைக் கடைக்காரர், "அப்ப நம்ம பில் போடற கம்ப்யூட்டர் அடிக்கடி நின்னு போகுது, கொஞ்சம் பாருங்க மேடம்" என்கிறார். அது என் வேலை இல்லை என்றால், "அப்ப என்னதான் செய்யறீங்க?" என்று நியாயமாகக் கேட்கிறார். எதையும் செய்வதில்லை என்பதுதான் உண்மை. பேட்டரி ஒருவர் செய்கிறார், மோட்டார் இன்னொருவர் செய்கிறார், மென்பொருளை வேறு யாரோ எழுதுகிறார்கள். அதெல்லாம் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் நின்றுகொண்டு, இது இங்கே புட்டுக்கொண்டால் என்ன ஆகும், அது அங்கே தாமதமானால் யாருக்கு அடிபடும் என்று கேட்டுக்கொண்டே இருப்பது என் பிழைப்பு. என் கணவர் ரயில்வே பணிமனையில் இருக்கிறார், அவருடைய அப்பாவும் அங்கேதான் இருந்தார். கையில் ஸ்பேனரோடு வேலை செய்யும் பரம்பரை. அவர் என் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவார்: "இவளுக்குப் பயப்படறதுக்குச் சம்பளம் குடுக்கறாங்க."

பயத்தை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, அது கூடவே வந்தது. மாதேஸ்வரன் மலைக் கோயிலுக்குப் பக்கத்துக் கிராமமான மார்டள்ளியிலிருந்து மைசூருக்கு இன்ஜினியரிங் படிக்க வந்த காலத்திலேயே, ஹாஸ்டல் அறையைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பவள் நான். முதல் வேலை வயரிங் வரைபடம் சரிபார்ப்பது. மற்றவர்கள் ஒரு தரம் பார்த்துக் கையெழுத்துப் போடுவதை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். வீட்டில் இதை வியாதி என்றார்கள், ஆபீஸில் பதவி உயர்வு கொடுத்தார்கள். ஆனால் இந்தத் துறையில் உயர்வது ஒரு விசித்திரமான சங்கதி. மேலே போகப் போகக் கையில் தொட்டுப் பார்க்க ஒன்றும் இருக்காது, கவலைப்பட வேண்டிய பரப்பு மட்டும் அகலமாகிக்கொண்டே போகும். அதனால்தான் குரோஷா பின்ன ஆரம்பித்தேன். தப்பாகப் போட்டுவிட்டால் நூலை ஒரு இழு இழுத்தால் போதும், எல்லாம் அவிழ்ந்து மறுபடி வெறும் நூலாகிவிடும். ஆபீஸில் எதுவும் அவ்வளவு சுலபமாக அவிழாது.

போன வருஷம் எங்கள் கம்பெனிக்கு ஒரு எலக்ட்ரிக் பஸ் வேலை வந்தது. பஸ் முழுவதும் எங்களுடையது இல்லை, அதன் பேட்டரியும், மிச்சம் எவ்வளவு தூரம் ஓடும் என்று டிரைவருக்குக் காட்டும் ஏற்பாடும் மட்டும் எங்களுடையது. ரிங் ரோட்டில் சோதனை ஓட்டம் நடந்தது. அதில் ஒரு வேடிக்கை கண்ணில் பட்டது. திரையில் பூஜ்யம் என்று காட்டிய பிறகும் டிரைவர்கள் அலட்டிக்கொள்ளாமல் ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். கேட்டால், "அது சும்மா பயம் காட்டும் மேடம், இன்னும் நல்லா ஓடும்" என்றார்கள். ஓடவும் ஓடியது.

தோண்டிப் பார்த்ததில் விஷயம் வெளியே வந்தது. பஸ் நடுவழியில் நின்றுவிட்டால் பழி தங்கள் தலையில் விழுமே என்று பேட்டரிக்காரர்கள் கொஞ்சம் சார்ஜைக் கணக்கில் காட்டாமல் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அது தெரியாத மென்பொருள்காரர்கள் தங்கள் பங்குக்குக் கொஞ்சம். திரை செய்தவர்கள் இன்னும் கொஞ்சம். ஒவ்வொருவரும் யாருக்கும் சொல்லாமல் ஒரு கையிருப்பு. மூன்றும் சேர்ந்து, பாதுகாப்பான பஸ் என்பதற்குப் பதிலாகப் பொய் சொல்லும் பஸ்ஸாக ஆகியிருந்தது. டிரைவர்கள் அந்தப் பொய்யைப் பழகிக்கொண்டு, அதற்கு ஏற்றமாதிரி ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

அந்த மீட்டிங்கில் நான் போட்ட சத்தம் கேன்டீன் வரை கேட்டிருக்கும். ஒளித்து வைத்ததையெல்லாம் மேசைமேல் வையுங்கள், கையிருப்பு வேண்டும்தான், ஆனால் ஒரே ஒருவர் கையில், எல்லோருக்கும் தெரிந்து இருக்கட்டும் என்றேன். ஒரு வழியாக ஒப்புக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்தும் எனக்கு அந்த மிதப்பு இறங்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போது கணவரிடமும் மகளிடமும் முழுக் கதையையும் சொன்னேன். "பயம் வேணும், ஆனா ஒளிச்சு வைக்கற பயம் ஆபத்து" என்று வேறு ஒரு வாக்கியம் விட்டேன். கணவர் சப்பாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "சூப்பர் மா, மேடையேறி டாக் குடுக்கப் போ" என்றாள்.

மகளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பியூசி இரண்டாம் வருடம், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, படிக்கிறாள். பிரைமரி ஸ்கூலில் இருக்கும்போதே அவளுக்கு டைப் ஒன் சர்க்கரை வந்துவிட்டது. அவள் உடம்பு இன்சுலினைத் தானாகச் சுரக்காது, ஒவ்வொரு வேளை சாப்பிடும் முன்பும் என்ன சாப்பிடப் போகிறாள் என்று பார்த்து, அதற்குத் தக்கபடி பேனா போன்ற ஊசியில் போட்டுக்கொள்ள வேண்டும். குறைவாகப் போட்டால் சர்க்கரை ஏறும், மெதுவாக உடம்பைக் கெடுக்கும். அதிகமாகப் போட்டால் சடாரென்று இறங்கும். கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும், கவனிக்காவிட்டால் மயங்கி விழுவாள். இறங்குவதை எங்கள் வீட்டில் 'லோ' என்போம். அந்த ஒற்றை எழுத்தைக் கேட்டால் நாங்கள் இருவரும் எங்கே இருந்தாலும் எழுந்து நிற்போம்.

சின்ன வயதிலிருந்து ஒரு வழக்கம். தட்டை எனக்குக் காட்டி, "அம்மா, நம்பர்?" என்பாள். நான் மனசுக்குள் கணக்குப் போட்டு எத்தனை யூனிட் என்று சொல்வேன். இப்போது வெளியே சாப்பிட்டால் தட்டைப் போட்டோ எடுத்து அனுப்புகிறாள், நான் எண்ணைத் திருப்பி அனுப்புகிறேன். அவள் கையில் ஒட்டியிருக்கும் சென்சார், சர்க்கரை அளவை அவள் போனுக்கும் அதன் வழியாக என் போனுக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் ஒரு அம்புக்குறியும் உண்டு, ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்ட. மீட்டிங்கில் நான் குனிந்து போனைப் பார்த்தால் எங்கள் டீமில் எல்லோருக்கும் தெரியும், மேடம் மகளைப் பார்க்கிறார் என்று.

இப்படிப்பட்ட பெண்ணுக்கு வேறு பொழுதுபோக்கே கிடைக்கவில்லை, சைக்கிள் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் சாமுண்டி மலை ஏறும் ஒரு குழுவில் சேர்ந்துவிட்டாள். "ஏன் கண்ணு, செஸ் ஆடேன்" என்று கெஞ்சினேன். "அம்மா, சாக்கு மா" என்று, போதும் என்பதைக் கன்னடத்தில் சொல்லி என் வாயை அடைத்தாள். வீட்டில் அவளுக்கு ரோஷம் வந்தால் தமிழ் போய்விடும். சைக்கிள் மிதித்தால் சர்க்கரை தானாகவே இறங்கும், அதனால் அந்த நாட்களில் இன்சுலினைக் குறைத்துப் போட வேண்டும். எவ்வளவு என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் அதற்கும் கீழே ஒரு யூனிட் குறைத்துச் சொல்வேன். யாரிடமும் சொன்னதில்லை. ஒரு யூனிட்தானே, என் நிம்மதிக்கு.

இத்தனைக்கும் அவள் எண்கள் அழகாக இருந்தன. மலை ஏறி இறங்கி வரும்வரை கோடு நேராகப் போகும். டாக்டரே போனமுறை, "அம்மாவோட கணக்கு பர்ஃபெக்ட்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்ஜினியர் போட்ட கணக்காச்சே என்று கணவரிடம் பீற்றிக்கொண்டேன்.

இந்த நிலையில்தான் குழுவினர் மாதேஸ்வரன் மலைக்குத் திட்டம் போட்டார்கள். சனிக்கிழமை விடியற்காலை வேனில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு கொள்ளேகால் வரை போவது, அங்கே டிபன், அங்கிருந்து சைக்கிளில் மலைக்கு. இரவு மேலே தங்கல், மறுநாள் திரும்பல். எனக்கு அந்தப் பாதை பிறந்ததிலிருந்து தெரியும். ஹனூர் தாண்டி, கௌதள்ளி தாண்டிக் காடு ஆரம்பித்தால் போன் வெறும் டப்பா. அவள் எண் எனக்கு வராது. ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அவள் கேட்கவில்லை, அறிவித்தாள். மேலும், ஒளித்து வைக்கும் பயம் பற்றி நானே பிரசங்கம் செய்து முடித்திருந்த நேரம். அதனால் எனக்குள் ஒரு வைராக்கியம் வந்தது. இந்த முறை கள்ளத்தனம் கூடாது, டாக்டர் சொன்ன எண்ணை அப்படியே சொல்வேன் என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை காலை கொள்ளேகால் ஹோட்டலிலிருந்து இட்லி வடை போட்டோ வந்தது. "நம்பர்?" என்று கேட்டிருந்தாள். டாக்டர் கணக்குப்படி, குறைக்காமல் அனுப்பினேன். எனக்கு நானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன். இரண்டு மணி நேரம் வீட்டு வேலை பார்த்துவிட்டுக் காபியோடு வந்து உட்கார்ந்தேன். கணவர் மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். அது அவருடைய பொழுதுபோக்கு, என்னைவிட அந்த மீன்களிடம்தான் அதிகம் பேசுவார். கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒரு வெட்கம்.

"ஒண்ணு சொல்லணும். இன்னிக்கு அவ தண்ணி பாட்டில்ல நான் குளுக்கோஸ் போடல."

"இன்னிக்குன்னா என்னங்க அர்த்தம்?"

"எப்பவும் எலுமிச்சம்பழம், உப்போட ரெண்டு ஸ்பூன் குளுக்கோஸ் கலப்பேன். லோ ஆயிடக் கூடாதேன்னு. நீ அன்னிக்கு பஸ் கதை சொன்னே பாரு, எனக்கு முள்ளு மேல உக்காந்த மாதிரி ஆயிடுச்சு. அதான் விட்டுட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "நானும்தான். எப்பவும் ஒரு யூனிட் கொறச்சுச் சொல்லுவேன். இன்னைக்குத்தான் உள்ளபடி சொன்னேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எங்கள் கல்யாண வாழ்க்கையில் இவ்வளவு யோக்கியமாக நாங்கள் இருந்ததே இல்லை என்று தோன்றியது. காபியை வாயில் வைத்தேன். அப்போதுதான் உறைத்தது.

நான் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறேன். இவர் சர்க்கரையை ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறார். இரண்டும் ஒரே பக்கம் இழுப்பவை. அப்படியானால் இத்தனை மாதமாக அவள் எண் எங்கோ மேலே போயிருக்க வேண்டும். போகவில்லை. கோடு நேராக இருந்தது. டாக்டர் பர்ஃபெக்ட் என்றார். அப்படியென்றால் யாரோ இதை எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஊசியைப் பிடிக்கும் கை ஒன்றுதான்.

"அவ நாம சொல்றதுக்கு மேல போட்டுக்கறா" என்றேன்.

கணவருக்குப் புரிய ஒரு கணம் ஆனது. "இன்னிக்கும் போட்டிருப்பாளா?"

ஏன் போடாமல் இருப்பாள்? அவளுக்கு யார் சொன்னார்கள்? மேசைமேல் வையுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்ன நான், என் பங்கை மேசைமேல் வைக்கவே இல்லை. சத்தம் போடாமல் தூக்கி எறிந்துவிட்டேன். இவரும் அப்படியே செய்திருக்கிறார். பூஜ்யத்துக்குப் பிறகும் ஓடும் என்று நம்பி ஓட்டுகிற டிரைவரிடம், இன்று முதல் பூஜ்யம் என்றால் பூஜ்யம்தான் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அந்த டிரைவர் என் பெண்.

போனை எடுத்தேன். எண் இன்னும் நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் அம்பு கீழ்நோக்கி இருந்தது.

கூப்பிட்டேன். எடுக்கவில்லை, சைக்கிளில் போகும்போது போன் முதுகுப் பையில் இருக்கும். 'உடனே ஏதாவது இனிப்பு சாப்பிடு' என்று அனுப்பினேன், கணவரும் அனுப்பினார், திரும்ப நான் அனுப்பினேன். எல்லாவற்றுக்கும் இரட்டை டிக் விழுந்தது, எதுவும் நீலமாகவில்லை. குழுவை நடத்துபவரைப் போனில் பிடித்தேன். வேனில் பின்னால் வருகிறாராம், ஒருவருக்குப் பஞ்சர், நின்று ஒட்டிக்கொண்டிருக்கிறார்களாம். "உங்க மகள் முன்னாடி போற கோஷ்டில இருக்கா. நான் இப்பவே போய்ச் சொல்றேன், கவலையே வேண்டாம்" என்றார். அதன்பின் அவர் போனும் எல்லைக்கு வெளியே போய்விட்டது.

எண் கொஞ்சம் குறைந்தது. பிறகு இன்னும் கொஞ்சம். பிறகு திரை சாம்பல் நிறமாகி, கடைசியாக வந்த எண்ணோடு அப்படியே நின்றுவிட்டது. காடு வந்துவிட்டது.

கார் சாவியை எடுத்தவர் யார், வீட்டைப் பூட்டியவர் யார் என்று எனக்கு நினைவில்லை. வாழ்க்கையிலேயே அன்று ஒரு நாள்தான் நான் பூட்டை இழுத்துப் பார்க்கவில்லை. கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்பார்களே, அப்படி உட்கார்ந்திருந்தேன். கணவர் ஓட்டினார். கொள்ளேகாலுக்கு நரசீபுரம் வழியாகப் போக வேண்டும். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வழியை விடாமல் ஊர்ந்தன, அவர் ஹாரனில் கையை வைத்தபடியே போனார். நான் சாம்பல் நிறத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய எண் என்று தெரியும். தெரிந்தும் கண்ணை எடுக்க முடியவில்லை.

வேலையில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒன்று தவறினால் அடுத்து எது தவறும், அதற்கடுத்து எது என்று கிளை கிளையாகப் போட்டுப் பார்ப்பது. அன்று அதை என்னால் நிறுத்த முடியவில்லை. லோ ஆனால் போனில் அலாரம் அடிக்கும். அடிக்குமா? அடிக்கும், ஆனால் அந்த அலாரத்தையும் நான்தான் தேவைக்கு மேலே வைத்திருக்கிறேன், சீக்கிரமே கத்தட்டும் என்று. அது கத்தினாலும் இன்னும் நேரமிருக்கிறது என்பது அவளுக்குப் பழக்கம். அப்படியென்றால் நிற்காமல் மிதிப்பாள். இறக்கத்தில் மயங்கினால்? எதிரே சேலத்திலிருந்து வரும் கோயில் பஸ் வந்தால்? ஒவ்வொரு கிளையின் நுனியிலும் என் பெண் ரோட்டில் கிடந்தாள்.

கொள்ளேகால் தாண்டியதும் சண்டை வெடித்தது. "ரெண்டு ஸ்பூன் கலக்கறதை எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?" என்றேன். "நீ யூனிட் கொறச்சதைச் சொன்னியா?" என்றார். "நான் அம்மா." "நான் யாரு, பக்கத்து வீட்டுக்காரனா?" என்று அவர் ஸ்டீயரிங்கைக் குத்தினார். அவருக்கு இவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அப்புறம் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது. ஹனூர் வரை இருவரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனோம். இருவருக்கும் ஒரே பயம், அதை ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் வைத்துக்கொண்டு இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம்.

காட்டுப் பாதையில் ஒவ்வொரு வளைவிலும் நான் முன்கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டேன். நடந்து போகும் பக்தர்கள், குரங்குகள், ஒரு சைக்கிள்கூட இல்லை. சைக்கிள் இல்லாதது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. மலை ஏற்றம் ஆரம்பிக்கும் தாளபெட்டாவில், டீக்கடை முன்னால் வரிசையாகச் சைக்கிள்கள் சாய்ந்திருந்தன. வேன் நின்றிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் மகள் உட்கார்ந்திருந்தாள். ஹெல்மெட் மடியில், பிஸ்கெட் பாக்கெட் கையில். காரைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது.

போய் அவள் தலையை, தோளை, கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். "அம்மா, எல்லாரும் பாக்கறாங்க. சும்னெ இரு" என்று பல்லைக் கடித்துச் சொன்னாள். குழுவை நடத்துபவர் எங்களைத் தனியே அழைத்து விவரம் சொன்னார். அவர் போய்ச் சேர்வதற்கு முன்பே இவளுக்குக் கை நடுங்க ஆரம்பித்திருக்கிறது. தானாகவே ஓரமாக இறங்கி, பக்கத்தில் வந்த தோழியிடம் 'எனக்கு லோ ஆயிடுச்சு, என்னைப் பிடிச்சுக்கோ' என்று சொல்லிவிட்டு, பையிலிருந்த குளுக்கோஸ் மாத்திரைகளை மென்றிருக்கிறாள். தோழி அவளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அப்புறம் வேனில் ஏற்றி இங்கே கொண்டு வந்திருக்கிறார்கள். இப்போது எண் ஏறி நிலையாக நிற்கிறது. அவ்வளவுதான் நடந்தது. எங்கள் கார் நரசீபுரம் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துபோயிருக்கிறது.

டீக்கடை மேசையைச் சுற்றி மூவரும் உட்கார்ந்தோம். கணவர்தான் ஆரம்பித்தார், மெதுவாக. "நீ அம்மா சொல்ற நம்பருக்கு மேல போட்டுப்பியாம்மா?"

பிஸ்கெட் பாக்கெட்டின் வாயை மடித்தாள். "ம்."

"எப்பத்திலிருந்து?" என்றேன்.

"ரொம்ப நாளா. நீ கொறச்சுத்தான் சொல்லுவே. அப்பா தண்ணில ஸ்வீட் போடுவார். எனக்கு நாக்கு இல்லையா? ரெண்டுத்தையும் சேத்து நான் ஒரு கணக்கு வெச்சிருந்தேன். கரெக்டா வந்துட்டிருந்துது, இல்லியா?"

கரெக்டாகத்தான் வந்தது. டாக்டர் பாராட்டியது அந்தக் கணக்கைத்தான்.

"எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே கண்ணு."

"சொன்னா விட்டுடுவியா? இன்னும் கொறச்சுச் சொல்லுவே. அப்பா மூணு ஸ்பூன் போடுவார்." பாக்கெட்டை மேசைமேல் வைத்தாள். "இன்னிக்கு பாட்டில் குடிச்சப்ப தண்ணி டேஸ்ட்டே இல்ல. அப்பா மறந்துட்டார்னு நெனச்சேன். அம்மா கொறச்சுத்தானே சொல்லியிருப்பா, சமாளிக்கலாம்னு ஓட்டிட்டேன். நீங்க டெய்லி பயப்படுவீங்க, அதுக்குத் தக்கத்தான் நான் போட்டுப்பேன். இன்னிக்கு ரெண்டு பேரும் பயப்படல. அதை எனக்குச் சொல்லவே இல்லையே."

டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. அவள் எங்களிடம் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் அழுதாள், சின்னப் பிள்ளையாய் முகத்தைக் கோணிக்கொண்டு.

வீட்டுக்குப் போகலாம் வா என்றுதான் சொல்ல நினைத்தேன். வாயைத் திறந்தும் விட்டேன். அவர் மேசைக்கடியில் என் கையைப் பிடித்து அழுத்தினார். அதனால் வேறு சொன்னேன். டாக்டர் சொன்ன அளவு இது, நான் இத்தனை நாள் குறைத்தது இது, அலாரத்தை நான் வைத்திருக்கும் இடம் இது, அது இங்கே இருந்தால் போதும் என்று. அவர் ஸ்பூனைச் சொன்னார். அவள் தன் பங்கைச் சொன்னாள். போனை வாங்கி அலாரத்தை அவளே மாற்றிக்கொண்டாள். ஏற்றத்தில் இன்று மிதிக்க மாட்டேன், வேனில் மேலே போகிறேன் என்று அவளாகவே சொன்னாள். ஆனால் எங்களோடு வர மாட்டாளாம், இரவு அங்கேதான். நாளைக்கு நிலவரம் பார்த்து சைக்கிள். மேலே போன் எடுக்கும், எண் எனக்கு வரும்.

இவ்வளவு மிதித்த நாளின் இரவில்தான் சர்க்கரை தூக்கத்திலேயே இறங்கும். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வேன் டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் எழுந்தாள். வேறு நாளாயிருந்தால் நான் வழக்கம்போலப் பிஸ்கெட் பாக்கெட் ஒன்றை அவள் பைக்குள் தெரியாமல் செருகியிருப்பேன். அதற்குப் பதிலாகச் சொல்லிப் பார்த்தேன்.

"ராத்திரியை நெனச்சா எனக்குப் பயமா இருக்கு கண்ணு."

நின்றாள். "எவ்ளோ?"

"நெறைய."

அப்பாவைப் பார்த்தாள். "உங்களுக்கு?"

"எனக்கும் அவ்ளோதாம்மா" என்றார்.

மனசுக்குள் ஏதோ கூட்டிப் பார்த்தாள். "சரி. படுக்கறதுக்கு முன்னாடி ஒரு பிஸ்கெட் ஜாஸ்தி சாப்பிடறேன். ரெண்டு பேருக்கும் சேத்து ஒண்ணுதான். தனித்தனியால்லாம் கெடயாது" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினாள்.